எதிர் இருக்கை

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை பெய்கிறது என்று சொல்ல முடியாது, பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கடைசி அறைக்கு வெளியே மூன்று குடைகள் விரித்து வைக்கப்பட்டிருந்தன. அந்த அறைதான் மாணவர் துணைப் பிரிவு.

இளநிலை மாணவர்களில், படிப்புக்கு ஏதேனும் ஒன்று தடையாக இருப்பவர்களுக்காக அப்பிரிவு ஏற்படுத்தப்பட்டிருந்தது. கணக்கில் பின்தங்கியவர்களுக்கு மாலை வகுப்பு. காது கேளாதவர்களுக்கு வகுப்பில் குறிப்பெடுத்துத் தரும் துணை. பார்வையற்றவர்களுக்கு, தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுதுநர். பிரிவின் ஒருங்கிணைப்பாளராக இருந்த அம்மையார் முன்பு மொழித்துறையில் இலக்கணம் கற்பித்தவர். பிரிவின் நடைமுறைகளை விளக்கும் கையேட்டை அவரே எழுதியிருந்தார். அதில் ‘கூடுமானவரை’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. உதவி கேட்டு வரும் மாணவரிடம் மேசைக்குக் குறுக்கே அமர்ந்து பேசமாட்டார். எதிரே அமர்ந்தால் விசாரணை போலத் தோன்றும் என்பது அவர் கருத்து. ஆகவே தம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மாணவரின் பக்கத்தில் போட்டுக்கொள்வார். அன்று நடக்கவிருந்தது உண்மையிலேயே விசாரணை. ஆயினும் அவர் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மேல்முறையீடு செய்திருந்தவள் பொருளியல் இரண்டாம் ஆண்டு மாணவி. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். ஓயாமல் பேசுவதால் வகுப்பில் அவளுக்கு வானொலி என்று பெயர். “அணைக்கிற பொத்தான் எங்கடி இருக்கு?” என்று கேட்பவர்களிடம், “கம்பெனியிலேயே வைக்கலை” என்று பதில் சொல்வாள்.

சிறப்பு ஆய்வு வகுப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அதில் சேரும் மாணவர், மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பேராசிரியரின் துணையுடன் சொந்தமாக ஓர் ஆய்வை நடத்தலாம். மருத்துவமனை வரிசையில் காத்திருப்பவர்கள் எதைக் கணக்கிட்டுக் காத்திருக்கிறார்கள், எந்தக் கட்டத்தில் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது அவள் எடுத்துக்கொண்ட கேள்வி. கேள்வியைத் தேர்வுக் குழு ஏற்றுக்கொண்டது. அடிப்படைப் பொருளியல் தாளில் அறுபது மதிப்பெண் இருந்தால் போதும் என்றது. அவளுக்கு வந்தது நாற்பத்தொன்பது. சேர்க்கைப் பட்டியல் அன்று மாலை நான்கு மணிக்கு முடிவாகும். இரண்டாம் ஆண்டில் தவறியவர்களுக்கு அவ்வகுப்பில் மறுவாய்ப்பு கிடையாது.

அவளை அழைத்து வந்த அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலை செய்பவள். தங்கையை நாற்காலியில் அமர்த்திவிட்டு அறையை ஒருமுறை பார்த்தாள்.

“நான் வெளியில இருக்கேன் மேடம். கூப்பிட்டா வர்றேன். கூப்பிடலைன்னாலும் காது இங்கதான் இருக்கும்.”

கதவை அவள் முழுவதும் சாத்தவில்லை.

மேசைக்கு ஒரு புறம் வானொலியும் அவள் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளரும் அமர்ந்தனர். மறுபுறம், விடைத்தாளைத் திருத்திய பொருளியல் பேராசிரியர். அவர் அருகில், தேர்வில் வானொலிக்கு எழுதுநராக இருந்த மாணவி. எழுதுநர் அதே பாடத்தைப் படிப்பவராக இருத்தல் கூடாது என்பது கையேட்டின் முதல் விதி. தெரிந்தவர் எழுதினால் தம் அறிவையும் சேர்த்து எழுதிவிடுவார் என்ற அச்சம். ஆகவே தாவரவியல் மாணவி ஒருத்தி அமர்த்தப்பட்டிருந்தாள். வானொலி அவளைத் தாவரம் என்றே அழைத்தாள். முதல் தேர்வில், எழுதியதைப் படித்துக்காட்டியது தவிர அவள் வாய் திறக்காததும் அப்பெயருக்கு ஒரு காரணம்.

பேராசிரியர் விடைத்தாளைப் புரட்டினார்.

“பகுதி ஆ-வைப் பாருங்க மேடம். விலை ஏறினா தேவை குறையும். எவ்வளவு தெளிவா சொல்லியிருக்கா. இப்ப பகுதி இ-க்கு வாங்க. அஞ்சு கோடு வரையணும், விளக்கம் வேண்டாம். தேவைக் கோட்டை ஏத்தி விட்டிருக்கா. அளிப்புக் கோட்டை இறக்கி விட்டிருக்கா. வருமானம் கூடக் கூட நுகர்வு குறையுதாம். வட்டி கூடினா சேமிப்பு குறையுதாம். அஞ்சுல நாலு தப்பு. புத்தகத்தை ஒப்பிக்கத் தெரியுது, ஒரு கோடு என்ன சொல்லுதுன்னு தெரியலை. இவளை ஆய்வுக்கு அனுப்பி என்ன பண்றது?”

“ஒப்பிக்கிற அளவுக்கு எனக்கு ஞாபகசக்தி கிடையாது சார்,” என்றாள் வானொலி. “புரிஞ்சாத்தான் நிக்கும். நான் தேவைக் கோட்டை இறக்கித்தான் சொன்னேன்.”

“தாள்ல ஏறுதும்மா.”

வானொலி, எழுதுநர் இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பினாள். “என்னடி வரைஞ்சே?”

“நீ காட்டினதைத்தான்டி வரைஞ்சேன். மயிரிழைகூட மாத்தலை.”

“மேலேர்ந்து கீழ வருதுன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னே. நானும் மேலேர்ந்து கீழதான் இழுத்தேன்.”

“அப்புறம் எப்படிடி ஏறும்?”

தாவரம் விடைத்தாளையே பார்த்தாள். ‘காண்பதை எழுதுக, கருதுவதை எழுதற்க’ என்பது எழுதுநர்களுக்கான மூன்றாம் விதி. அதைப் பயிற்சி வகுப்பில் அவள் பலமுறை ஒப்பித்திருந்தாள். விதியைக் காத்தவள் தன்னைக் காத்துக்கொள்ள என்ன சொல்ல வேண்டும் என்பது கையேட்டில் இல்லை.

“நான் ஒண்ணும் கத்தியோட உக்காந்து திருத்தலை,” என்றார் பேராசிரியர். “சரியா இருந்ததுக்கு முழு மார்க் குடுத்திருக்கேன். அஞ்சாவது, வட்டியும் முதலீடும். வட்டி ஏறினா முதலீடு இறங்கணும். இறங்குது. நாலுக்கு நாலு.”

வானொலி பேசவில்லை. அவளை அறிந்தவர்களுக்கு அது அசாதாரணமாகத் தோன்றியது. தாவரம் நிமிர்ந்து பார்த்தாள்.

“அஞ்சாவதா சார்?”

“ஆமா.”

“அது ஒண்ணுதான் சார் நான் தப்பா சொன்னது.”

வெளியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடி?”

“சேமிப்பை முடிச்ச வேகத்துல முதலீட்டையும் அதே மாதிரி ஏத்திட்டேன். மணி அடிச்சப்புறம்தான் உறைச்சுது. பஸ்ல அக்காகிட்ட அழுதேன். அதுக்கு எப்படி சார் மார்க் போட்டீங்க?”

பேராசிரியர் ஐந்தாம் படத்தை மீண்டும் பார்த்தார். கோடு இறங்கியது. மறுக்க இடமில்லை.

ஒருங்கிணைப்பாளர் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது, ஒரு வாக்கியத்தின் உறுப்புகளைப் பிரித்துக்காட்டும் நிதானத்துடன் பேசினார்.

“இவ சரியா சொன்னேன்னு சொல்ற நாலும் தாள்ல தப்பா இருக்கு. தப்பா சொன்னேன்னு சொல்ற ஒண்ணு தாள்ல சரியா இருக்கு. தெரியாம எழுதினா நாலு திசையிலயும் தப்பு வரும் சார். இது ரொம்ப ஒழுங்கா இருக்கு.”

“என்ன சொல்ல வர்றீங்க?”

“எனக்கே தெரியலை.” பிறகு வானொலியிடம், “தேவைக் கோட்டை அன்னிக்குக் காட்டின மாதிரியே இப்ப காட்டும்மா,” என்றார்.

வானொலி வலக்கையை உயர்த்தினாள். சுட்டுவிரல், முகத்துக்கு நேரே காற்றில், கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவரைத் தொடுவதுபோல் நின்றது. பின் ஒரே சீராகச் சாய்ந்து இறங்கியது.

“பாருங்க,” என்றார் பேராசிரியர். “இப்பவும் ஏறுற கோட்டைத்தான் காட்டுறா.”

“இறங்குற கோடு சார்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“மேடம், முப்பது வருஷமா இந்தக் கோட்டோட குடித்தனம் நடத்துறேன்.”

“எனக்கு இன்னிக்குத்தான் அறிமுகம். ஆனா இறங்குது.”

“மறுபடி காட்டும்மா,” என்றார் பேராசிரியர்.

அவள் மறுபடி காட்டினாள். இருவரும் அதே விரலை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் ஏறுகிறது என்றார்; மற்றவர் இறங்குகிறது என்றார். தாவரம் மெல்லிய குரலில், “எனக்கும் சார் சொல்ற மாதிரிதான் தெரியுது மேடம்,” என்றாள்.

“எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது,” என்றாள் வானொலி. “தெரியிறவங்களாவது ஒரு முடிவுக்கு வாங்க. கை வலிக்குது.”

ஒருங்கிணைப்பாளர் எதிரே இருந்த இருவரையும் பார்த்தார். பிறகு தாம் அமர்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார். ஏதோ ஒரு செய்யுளடியில் சீர் குறைவதைக் கண்டுகொண்டவர்போல அவர் புருவம் சற்றே உயர்ந்தது.

“சார், நாற்காலியைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வர்றீங்களா?”

“எதுக்கு?”

“வாங்க, சொல்றேன்.”

மேசைக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே இடம் குறைவு. பேராசிரியர் நாற்காலியைத் தலைக்குமேல் உயர்த்தி, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு வந்து, வானொலியின் மறுபக்கத்தில் அமர்ந்தார். அவள் மூன்றாம் முறையாகக் கையை உயர்த்தினாள். விரல் இடப்புறம் மேலிருந்து புறப்பட்டு வலப்புறம் கீழே வந்து நின்றது.

பேராசிரியர் விரல் நின்ற இடத்தையே பார்த்தார்.

“அளிப்பு?” என்றார்.

விரல் கீழிருந்து ஏறியது.

“நுகர்வு... சேமிப்பு... முதலீடு?”

“முதலீட்டை அன்னிக்குச் சொன்ன மாதிரி காட்டவா, சரியா காட்டவா சார்?”

“அன்னிக்குச் சொன்ன மாதிரி.”

விரல் ஏறியது. பேராசிரியர் தலையசைத்தார். “தப்பு,” என்றார். அச்சொல்லில் ஒரு நிறைவு இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். விடைத்தாளில் வரைபடத்தின் கிடையச்சும் நிலையச்சும் முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தன. கோட்டை மட்டும் போட வேண்டும். வானொலி தன் இடமிருந்து வலமாகக் காட்டினாள். எதிரே அமர்ந்திருந்த தாவரத்துக்கு அது வலமிருந்து இடமாகத் தெரிந்தது. தெரிந்ததைத் தெரிந்தபடியே அவள் வரைந்தாள். கோடு மேலிருந்து கீழே வந்தது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எந்த மேலிருந்து எந்தக் கீழுக்கு என்று யாரும் கேட்கவில்லை. எழுதிய ஒவ்வொரு பத்தியையும் எழுதுநர் படித்துக்காட்ட வேண்டும் என்ற விதியும் அங்கே பயன்படவில்லை. கோட்டைப் படித்துக்காட்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு முறையும் தாவரம், “போட்டாச்சு,” என்று மட்டும் சொன்னாள்.

அக்காவை உள்ளே அழைத்தார்கள். அவள் ஏற்கெனவே வாசற்படியில்தான் நின்றிருந்தாள்.

“இவ ஏன் காத்துல காட்டுறா? மத்த பிள்ளைங்க மேசைமேல வரைஞ்சு காட்டுவாங்களே,” என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

“நான் பண்ணின வேலை மேடம். புத்தகத்துல இருக்கிற கோட்டையெல்லாம் அட்டையில கயிறு வச்சு ஒட்டிக் குடுத்தேன். எங்க வீட்ல மேசை கிடையாது. சமையலறைச் சுவத்துல வரிசையா அடிச்சு வச்சேன். போறப்ப வர்றப்பத் தடவிப் பார்த்துக்கிட்டே போவா. அளிப்புக் கோட்டுல எண்ணெய் தெறிச்சு இன்னும் பிசுபிசுங்குது.”

“அதான் அளிப்பு எப்பவும் கையில ஒட்டுது,” என்றாள் வானொலி.

பேராசிரியர் சிரிக்காமல் இருக்க முயன்று, ஓரளவு வென்றார்.

தாவரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். “என்னை இந்த வேலையிலேர்ந்து எடுத்துடுவீங்களா மேடம்?”

“நீ எந்த விதியை மீறினே?”

“எதையும் மீறலை மேடம்.”

“அதான் பிரச்சினை,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

பிரச்சினை கையேட்டின் ஏழாம் விதியில் இருந்தது: ‘எழுதுநர் மாணவரின் எதிரே அமர வேண்டும்.’ முன்பு ஒரு தேர்வில், பக்கத்தில் அமர்ந்த எழுதுநர் காதோடு காதாக ஏதோ சொன்னார் என்று கண்காணிப்பாளர் ஒருவர் புகார் எழுதினார். புகார் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆனால் விதி பிறந்தது. இரண்டு வாயும் கண்காணிப்பாளருக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். அதை எழுதிய அன்று, பிழையற்ற வாக்கியம் என்று ஒருங்கிணைப்பாளர் திருப்தியடைந்திருந்தார். வாக்கியத்தில் இன்றும் பிழை இல்லை.

மதிப்பெண்ணை மாற்ற ஒரு காரணம் காட்டியாக வேண்டும். கூட்டல் பிழை என்பது பொருந்தாது. அடுத்தது மதிப்பீட்டுப் பிழை.

“அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன் மேடம்,” என்றார் பேராசிரியர். “இவளுக்கு மார்க் வரணும்னு இப்ப எனக்கும் தோணுது. ஆனா நான் திருத்தினதுல தப்பில்லை. தாள்ல இருந்ததுக்குத்தான் மார்க் போட்டேன்.”

“சரிதான் சார். உங்க தப்பு இல்லை.”

“மிச்சம் இருக்கிறது ஒண்ணுதான். தேர்வு நடத்தின முறையில பிழை.” பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். “அதை எழுதினீங்கன்னா அது உங்க தலையிலதான் விடியும். அதோட நிக்காது. இந்த முறையில தேர்வு எழுதின எல்லார் தாளையும் எடுத்துப் பார்க்கச் சொல்வாங்க. போன வருஷம் இயற்பியல்ல ஒரு பையன் இருந்தானே. வேக வரைபடம் எல்லாம் கோணலா இருக்குன்னு சொல்லி...”

“அவன் இப்ப வரலாறு படிக்கிறான்,” என்றார் ஒருங்கிணைப்பாளர்.

“நல்லாத்தான் படிக்கிறான்னு கேள்வி.”

“அது வேற விஷயம் சார்.”

ஒருங்கிணைப்பாளர் எழுந்து சன்னலோரம் இருந்த தம் மேசைக்குச் சென்றார். கணினியைத் திறந்தார். அறையில் விசைகளின் ஒலி மட்டும் கேட்டது. இருமுறை நிறுத்தினார், ஒருமுறை ஒரு சொல்லை அழித்தார். வெளியே மழை இப்போது ஐயத்துக்கிடமின்றிப் பெய்தது. அக்கா மருந்துக்கடைக்குத் தொலைபேசியில் பேசி, வர மதியமாகும் என்றாள். மறுமுனையில் சொன்னதைக் கேட்டு, “அப்ப நீங்களே கல்லாவுல உக்காருங்க, நல்லாத்தான் இருக்கும்,” என்று வைத்துவிட்டாள்.

அச்சடித்த தாளை ஒருங்கிணைப்பாளர் உரக்கப் படித்தார். மேல்முறையீடு ஏற்கப்படுகிறது. முதல் நான்கு கோடுகளுக்கும் முழு மதிப்பெண், அதாவது பதினாறு, சேர்க்கப்படுகிறது. ஐந்தாம் கோட்டுக்கு அளிக்கப்பட்ட நான்கு மதிப்பெண் நீக்கப்படுகிறது. திருத்திய மொத்தம் அறுபத்தொன்று.

“அந்த நாலை எதுக்கு மேடம் பிடுங்கணும்?” என்றாள் அக்கா. “அது தாள்ல சரியாத்தானே இருக்கு.”

“தாள்ல சரி. அவ சொன்னது தப்பு.”

“அவ வாயைத் திறக்காம இருந்திருந்தா...”

“திறக்காம இருந்திருந்தா நாற்பத்தொன்பதோட வீட்டுக்குப் போயிருப்போம்கா,” என்றாள் வானொலி. “விடு. அறுபத்தொண்ணு போதும். அதை என்ன கண்காட்சியிலயா வைக்கப் போறாங்க?”

ஒருங்கிணைப்பாளர் மேலும் படித்தார்.

“‘பிழை மாணவியுடையதன்று, எழுதுநருடையதன்று, மதிப்பிட்டவருடையதுமன்று. அது துணைப் பிரிவுக் கையேட்டின் ஏழாம் விதியுடையது. அவ்விதியை இயற்றியவர் கீழே கையொப்பமிடுபவர். அவ்விதி இன்று முதல் நீக்கப்படுகிறது. இனி எழுதுநர் மாணவரின் பக்கத்தில் அமர்வார். அவ்விதி நடைமுறையில் இருந்த காலத்தில், வரைபடம் இடம்பெற்ற அனைத்து விடைத்தாள்களும் மீண்டும் பார்வையிடப்பட வேண்டும். இம்முடிவில் மதிப்பீட்டாளரும் கருத்து வேறுபாடின்றி இணைகிறார்.’”

பேராசிரியர் தாளை வாங்கி, தாமும் ஒருமுறை படித்தார்.

“‘கருத்து வேறுபாடின்றி’ன்னு போட்டிருக்கீங்க. நான் வேறுபட்டேனே.”

“ஆரம்பத்துல. முடிவுல இல்லையே.”

அவர் சிறிது யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டார். போகும்முன் வானொலியின் நாற்காலி அருகே நின்றார்.

“அந்த ஆஸ்பத்திரி வரிசை ஆய்வு. யார்கிட்ட பண்ணப் போறே?”

“இன்னும் யாரும் ஒத்துக்கலை சார். ரொம்பப் பேசுவேன்னு பயப்படுறாங்க.”

“நியாயமான பயம்தான்,” என்றார் அவர். “வியாழக்கிழமை வந்து பாரு. அந்த முதலீட்டுக் கோட்டை ஒழுங்கா படிச்சுக்கிட்டு வா.”

வெளியே இருந்த குடைகளில் ஒன்றை மடக்கி எடுத்துக்கொண்டு அவர் போனார். அது அக்காவின் குடை. அக்கா பின்னாலேயே ஓடினாள்.

ஒருங்கிணைப்பாளர் மீண்டும் சன்னலோரத் தம் மேசைமுன் அமர்ந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, தாளின் அடியில், பேராசிரியரின் கையொப்பத்துக்கு இணையான கோட்டில், தம் பெயரை முழுமையாக எழுதினார். தேதியிட்டார். முத்திரையிட்டு, மை உலரும்வரை தாளைத் தொடாமல் வைத்திருந்தார். சேர்க்கை அலுவலகம் எதிர்க்கட்டடத்தில் இருந்தது. நேரம் போதுமானதாக இருந்தது.

வானொலி எழுந்து, தாவரத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு மேசையருகே வந்தாள். மேசைக்கு மறுபுறம் நின்று இரு கைகளையும் நீட்டினாள்.

ஒருங்கிணைப்பாளர் தாளை மேசைக்கு மேலாக நீட்டினார். பாதி தூரம் சென்ற கை நின்றது. அவர் தாளுடன் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்தார். அவள் முகம் திரும்பியிருந்த திசையிலேயே தாமும் திரும்பி, அவள் பக்கத்தில் நின்றார். பின் தாளை அவள் கைகளில் வைத்தார்.

“மேல்பக்கம் எது மேடம்?”

“நீ மேல பிடிச்சிருக்கியே, அதுதான்.”